கோரைக்குள் குடிவந்த குடும்பம்

எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும், அவர்கள் வீட்டுக் கட்டில் மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு முழு விவரமும் வந்துவிடும். எத்தனை பேர், என்ன வேலை, மாமியார் கூட இருக்கிறாளா, இருந்தால் பேச்சுவார்த்தை உண்டா. நானாகத் தேடிப் போவதில்லை. என் வீடு முதல் மாடி. முன்பக்கம் தெரு, பின்பக்கம் வாய்க்கால். இரண்டு பக்கமும் பால்கனி வைத்துக் கட்டிவிட்டு, எட்டிப் பார்க்காதே என்றால் எப்படி? முதுகுக்குப் பின்னால் என்னை 'ஒலிபெருக்கி' என்கிறார்களாம். அதையும் அவர்களே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதனால்தான் கீழே தையற்கடை வைத்திருப்பவர் அந்தச் செய்தியைச் சொன்னபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாடி அக்கா, விஷயம் தெரியுமா? நம்ம பின்பக்கத்துக் கோரைக்குள்ள புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. அப்பா, அம்மா, குஞ்சுங்க. நாலு குஞ்சு!"

அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். வயது விஷயத்தில் இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதில்லை.

"என்ன குடும்பம் அண்ணே?"

"தண்ணிக்கோழி! கருப்புக் கோட்டு, உள்ளே சலவை பண்ணின வெள்ளைச் சட்டை, பின்னாடி வால் கிட்ட மட்டும் செங்கல் கலர்ல ஒரு பட்டி. வக்கீல் மாதிரி நடக்குது அக்கா. ஆனா ரொம்பக் கூச்சம். ஆள் அசைஞ்சா போதும், கோரைக்குள்ள ஓடிடுது."

எனக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் இந்தத் தெருவில் குடியேறி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டதா? அதுவும் என் பால்கனிக்குக் கீழே? நடக்கிற காரியமா இது? மேலே ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தையற்கடையின் பின்ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக்கூரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே கரை, கரையோரம் கோரைப்புதர். இடுப்பை வளைத்துப் பார்த்ததில் என் கைத்துண்டு வாய்க்காலில் விழுந்ததுதான் மிச்சம். கோழியும் இல்லை, குடும்பமும் இல்லை.

'அளப்பு மறுபடியும் அளந்துட்டாரு' என்று முடிவுகட்டினேன்.

தையற்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் அளப்பு. துணியை அளப்பதைவிட வாயால் அளப்பது அதிகம். ஒரு சர்க்கஸ் யானைக்குத் தானே ஜரிகைப் போர்வை தைத்ததாகவும், தும்பிக்கைக்கு அளவெடுக்கும்போது அது கூச்சத்தில் சிரித்ததாகவும் சொல்வார். ஒரு தடவை சொல்லும்போது யானை ஒன்று; அடுத்த தடவை மூன்று. கேட்க நன்றாக இருக்கும். அரைமணி நேரம் அவர் பேச்சைக் கேட்டால், பேன்ட் இரண்டு நாள் தாமதம் என்பதே மறந்துபோகும். கடையின் முதலீடே அவர் வாய்தான்.

உழைப்பு, அவர் மனைவி. அவள் அதிகம் பேசமாட்டாள். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருப்பதால் பேச இடமும் இல்லை. கடை என்பது ஒரே நீளமான அறை. நடுவில் வெட்டும் மேஜை, அங்கே நின்றுகொண்டு அவர். பின்ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்தபடி அவள். அந்த மிஷினுக்கு மோட்டார் வைத்த நாளிலிருந்து அது ஓடுவது எனக்கு மேலே பாத்திர அலமாரி வரைக்கும் கேட்கும். தடதடதடவென்று காலையில் ஆரம்பித்தால் மாலைதான் ஓயும்.

இப்போது கோழிக்கதை தினமும் நடந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பேன்ட்டுக்கு இடுப்பைப் பெரிதாக்கக் கொடுக்கப் போனபோது நானே என் கண்ணால் பார்த்தேன். கத்தரிக்கோலோடு நின்ற தையற்காரர், திடீரென்று, "இந்தா, இந்தா! வந்துடுச்சு! பாரு!" என்று கத்தினார். அவள் மிஷினை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே கோரை ஆடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"எங்க?"

"இப்பத்தான் இருந்துச்சு. நீ பாக்கறதுக்குள்ள போயிடுச்சு."

அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தாள். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்குப் பேசப்போகிறாள்.

"கல்யாணம் ஆனதுலருந்து நீங்க பாத்ததை எல்லாம் நான் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள போயிடுது. யானை போச்சு. உங்க மாமா வாங்கித் தர்றேன்னு சொன்ன வீடு போச்சு. இப்பக் கோழி."

"இது நிஜம்மா."

"அதுவும் நிஜம்னுதான் சொன்னீங்க."

நான் பேன்ட்டை மடிப்பது போல நின்று கொண்டிருந்தேன். மடித்த பேன்ட்டைப் பிரித்து மறுபடி மடித்தேன். பாதியில் கிளம்புவது மரியாதை இல்லையே.

அதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே பாலத்துத் தூணில் அறிவிப்பு ஒட்டினார்கள். வாய்க்காலைத் தூர்வாரப் போகிறார்கள். திங்கட்கிழமை தோண்டுகிற மெஷின் வரும். கரையில் உள்ள புதர்கள் எல்லாம் எடுக்கப்படும். தெருவுக்குச் சந்தோஷம். கொசு போகுமே. தையற்காரர் மட்டும் வெட்டுகிற மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றார். பேசாத தையற்காரரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று விசாரித்தேன்.

"குஞ்சுங்களுக்கு இன்னும் பறக்க வராது அக்கா," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேராக வாய்க்கால் அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே பறவைகள், மரங்களைக் கவனிக்கிற அதிகாரி ஒரு சின்னவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டிருக்கிறாள். "அது கானாங்கோழியா இருக்கலாம் அண்ணே. குஞ்சு இருந்தா அந்த மூலையை மட்டும் விட்டுட்டுத் தோண்டச் சொல்றேன், அதுங்க பெருசானதும் பாத்துக்கலாம். ஆனா நான் கண்ணால பாக்கணும். வாய்ச்சொல்லை வெச்சு மெஷினை நிறுத்த முடியாது. சனிக்கிழமை காலைல வர்றேன்," என்றாளாம்.

இதைக் கேட்டதும் அவர் மனைவி மறுபடியும் குண்டூசிகளை வெளியே எடுத்தாள்.

"அங்கயும் போய் அளந்துட்டு வந்தாச்சா?"

"அளக்கலை. சொன்னேன்."

"சரி, வரட்டும். வந்து பாக்கட்டும். கோழி இருந்தா சந்தோஷம். இல்லைன்னா ஒண்ணு. திங்கட்கிழமைலருந்து கடைக்கு வர்றவங்ககிட்ட நான் பேசறேன். நீங்க இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து தையுங்க. வாயைத் திறக்கக் கூடாது. தெருவே சிரிக்கறதுக்கு மேல இனிமே கவர்மென்ட் வேற வந்து சிரிச்சிட்டுப் போகணுமா?"

மேலே என் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே பகீரென்றது. அவரை மிஷினில் உட்கார வைத்து வாயைக் கட்டுவதும், மீனைக் கரையில் போட்டுவிட்டு மூச்சுவிடு என்பதும் ஒன்றுதான். அவரும் சிரித்து மழுப்பவில்லை. "சரி," என்றார். பந்தயத்தில் கடையையே வைத்தவர் குரல் அது.

சனிக்கிழமைக்காக அவர் செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அதிகாரிப் பெண் சொன்னது இவ்வளவுதான்: பயந்த சுபாவமுள்ள பறவை, கொஞ்சம் சத்தம் குறைவாக இருந்தால் நல்லது. நம்மவருக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லையே. வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினார். பக்கத்துக் கடை முடிதிருத்துகிறவரிடம் ரேடியோவை அணைக்கச் சொன்னார். எதிர்ச்சந்தில் மோட்டார்சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கிடம் ஒரு மணிநேரம் ஸ்பானரைக் கீழே வைக்கச் சொன்னார். தன் மனைவியின் மிஷினுக்கு உறை போட்டு மூடினார். கடைசியாக மாடி ஏறி வந்து, என் வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றார். "அக்கா, மத்ததெல்லாம் சமாளிச்சுட்டேன். உங்க வாய்தான்."

"என் வாய்க்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, நல்ல வாய்தான். ஒரு மணிநேரம் மூடியிருக்கணும்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அளப்பு மூடிக் காட்டினார்.

சனிக்கிழமை காலை, அதிகாரிப் பெண் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொலைநோக்கியோடு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் கடைக்குள் கூடிவிட்டோம். சாட்சி வேண்டாமா? ஜன்னலுக்குப் பழைய திரைத்துணி ஒன்றைக் கட்டி, நடுவில் ஒரு கிழிசல் விட்டிருந்தார் தையற்காரர். அந்தக் கிழிசலுக்குப் பின்னால் அதிகாரி. அவளுக்குப் பின்னால் இவர். அப்புறம் நான். எனக்குப் பின்னால் முடிதிருத்துகிறவரும் மெக்கானிக்கும். மனைவி மட்டும் மூடிவைத்த மிஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்படி ஒரு அமைதியை எங்கள் தெரு கண்டதே இல்லை. வாய்க்கால் தண்ணீர் கல்லில் உரசிப் போகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன், அதற்கு ஒரு சத்தம் உண்டென்றே அன்றுதான் தெரியும். மேஜையிலிருந்து ஒரு குண்டூசி உருண்டு விழுந்தது; சத்தியமாகக் கேட்டது. மெக்கானிக்கின் வயிறு ஒரு தரம் உறுமியது. அவர் அதைக் கையால் அமுக்கிப் பார்த்தார். மறுபடி உறுமியது.

கோழி வரவில்லை.

கோரை அசைந்தது, காற்று. தண்ணீரில் வட்டம் விழுந்தது; மீன். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனது. எனக்கோ உள்ளே பேச்சு கொதித்துக்கொண்டிருந்தது. முடிதிருத்துகிறவர் கறுப்புச் சாயத்தைத் தன் மீசைக்கும் பூசியிருந்தது வேறு கண்ணில் பட்டுவிட்டது. சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம்!

தையற்காரரின் கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. நேரம் போகப் போக அவர் கிழிசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

கடைசியில் அதிகாரிப் பெண் தொலைநோக்கியை இறக்கினாள். "மன்னிச்சுக்குங்க அண்ணே. நீங்க பாத்திருக்கலாம். ஆனா நான் பாக்கலையே. வேற இடத்துக்கும் போகணும்," என்றாள் மெதுவாக.

"நாலு குஞ்சும்மா," என்றார் அவர்.

மனைவி ஏதாவது சுடச்சுடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். காதையும் தீட்டிக்கொண்டேன். அவளோ அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மிஷினின் உறையை உருவினாள், உட்கார்ந்தாள், என் வீட்டுக்காரர் பேன்ட்டை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். தடதடதட.

அந்தச் சத்தம் வந்ததும் எங்கள் வாய்களுக்குக் கட்டு அவிழ்ந்தது.

"எல்லாம் இவர் வயித்தால வந்தது," என்றார் முடிதிருத்துகிறவர்.

"என் வயித்தாலயா? நீங்க வந்து நின்னதும் அந்தச் சாய நாத்தத்துல மனுஷனே ஓடுவான், கோழி நிக்குமா?" என்றார் மெக்கானிக்.

"அட, அந்த மீசையை நானும் சொல்லணும்னு நெனச்சேன்!" என்றேன் நான். எத்தனை பெரிய நிம்மதி!

"மாடி அக்கா, நீங்க பேசாதீங்க. மூக்கால மூச்சு விட்டீங்க பாருங்க, புஸ் புஸ்ஸுன்னு, பாம்புன்னு நெனச்சிருக்கும்," என்றார் முடிதிருத்துகிறவர்.

"நான் மூச்சும் விடக்கூடாதா? செத்தா உங்களுக்குச் சந்தோஷம், தெருவுல செய்தி சொல்ல ஆளிருக்காது!"

மெக்கானிக் கோபத்தோடு வெளியேறித் தன் கடையில் ஒரு வண்டியை உதைத்து உறும விட்டார். முடிதிருத்துகிறவரின் கடையில் யாரோ ரேடியோவைப் போட்டுவிட்டார்கள். தெரு தெருவானது. அதிகாரிப் பெண் பூட்ஸில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் முடிதிருத்துகிறவருக்கு அடுத்த பதிலைத் தேடிக்கொண்டு, திரை நழுவியிருந்த ஜன்னல் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன்.

முதலில் பார்த்தது நான்தான். இதில் யாருக்கும் பங்கில்லை.

கோரைத் தண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீளமான கால் வந்தது. சுடுகிற தரையில் வைக்கிறாற்போல விரல்களை விரித்து, யோசித்து, வைத்தது. அப்புறம் வெள்ளைச் சட்டை. அப்புறம் கருப்புக் கோட்டு. சின்ன வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு, வக்கீல் கோர்ட்டுக்குள் நுழைவது போல வெளியே வந்தது. பின்னால், சாம்பலில் புரட்டிய பஞ்சு உருண்டைகள் மாதிரி, ஒன்று, இரண்டு.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல விஷயம் இருந்தும் எனக்குச் சொல் வரவில்லை. விரலை மட்டும் நீட்டினேன். நான் பேச்சை நிறுத்தியதும், என்னவோ ஆகிவிட்டது என்று கடை முழுக்க அமைதியானது. மிஷினும் நின்றது. கோழி அப்படியே ஒற்றைக் காலில் உறைந்தது. மறுகணம் புதருக்குப் பாதி உள்ளே.

அதிகாரிப் பெண் வாசலிலிருந்து பாய்ந்து வந்தாள். பார்த்துவிட்டாள், வாலை மட்டும். என்னையும் பார்த்தாள், மிஷினையும் பார்த்தாள். அவளுக்குப் பொறிதட்டியது.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க! சண்டை போடுங்க! இந்தச் சத்தத்துலயே வளந்தது இது. சத்தம் நின்னாத்தான் அதுக்குப் பயம்!"

சண்டை போடச் சொன்னால் எங்கள் தெருவில் ஆள் பஞ்சமா? ஆனால் பாருங்கள், போடு என்று சொல்லிவிட்டால் காரணம் கிடைப்பதில்லை. முடிதிருத்துகிறவரும் நானும் ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டோம்.

"என் வீட்டுக்காரருக்குப் போன தடவை என்ன முடி வெட்டினீங்க?" என்று கத்தினேன், கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டே.

"இருக்கற முடியைத்தான் வெட்ட முடியும்! இல்லாததுக்கு நான் என்ன செய்ய?" என்று அவரும் கத்தினார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"அதுக்கு எதுக்கு முழுக் கூலி?"

"தேடறதுக்கு!"

கால் மறுபடியும் வெளியே வந்தது.

தையற்காரர் மிஷின் பக்கம் குனிந்தார். "மிதி," என்றார் மனைவியிடம். "நிறுத்தாத. காலு மிதிக்கட்டும். தலையை மட்டும் தூக்கு."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஒவ்வொரு தரமும் அவர் 'பாரு' என்பார், அவள் மிஷினை நிறுத்துவாள், கோழி ஓடிவிடும், அப்புறம் நிமிர்வாள். ஓடுகிற மிஷினிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். விரலில் ஊசி இறங்கிவிடும். ஒழுங்காக வேலை செய்ததால்தான் அவள் ஒரு நாளும் பார்க்கவில்லை. இவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்ததால் தினமும் பார்த்தார்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு விரல்களைத் துணியின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு, காலை எடுக்காமல், தலையைத் தூக்கினாள்.

தடதடதட.

கானாங்கோழி சேற்றில் எதையோ கொத்தி எடுத்துத் திரும்பி நின்றது. பஞ்சு உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடிவந்தன. மூன்றாவது வந்தது. நாலாவது வழுக்கித் தண்ணீரில் விழுந்து, விழவே இல்லை என்பது போல நீந்திக் கரையேறியது.

பின்னால் அதிகாரிப் பெண் தொலைநோக்கிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சண்டையை விடவில்லை. முடிதிருத்துகிறவர் என் அண்ணியின் குணம் வரைக்கும் போய்விட்டார், நான் அவர் மீசைக்கே திரும்பினேன். நடுவில் தையற்காரர் மனைவி சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காமல் விடுவேனா?

"வெள்ளைச் சட்டைதான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாலுதான்," என்றாள்.

தையற்காரருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். தோளில் போட்டிருந்த அளவுநாடாவை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தோண்டுகிற மெஷின் வந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம் நாலு கம்பு நட்டு, சிவப்பு நாடா கட்டியிருந்த மூலையைத் தொடாமல் போனது. அது போட்ட சத்தத்துக்குக் கோழிக் குடும்பம் கரையில் உலாத்திக்கொண்டிருந்தது என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, தகரக்கூரை. அந்தக் கூரையைக் கழற்றச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரரிடம் மனு போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பேன்ட்டும் வந்தது. இடுப்பில் ஆரம்பித்த தையல், முழங்கால் வரைக்கும் ஆறு போல வளைந்து வளைந்து வந்து, வலதுகாலை இடதுகாலோடு சேர்த்து முடிந்திருந்தது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடமும் ஒரு சாட்சி வேண்டாமா? அவர் வேறு பேன்ட் போட்டுக்கொள்கிறார்.

தையற்காரர் வழக்கம்போல வெட்டும் மேஜையில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். நேற்று பொத்தான் தைக்கப் போயிருந்தேன். யாரோ புதிதாக வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பதினோரு குஞ்சு சார்! வரிசையா, ஸ்கூல் பசங்க மாதிரி!"

அந்த ஆள் சந்தேகமாகச் சிரித்துவிட்டு, "பதினொண்ணா? நிஜமாவாம்மா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

மிஷின் நிற்கவில்லை. அவள் குண்டூசிகளை வாயின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

"பன்னிரண்டு," என்றாள். "இவர் ஒண்ணை விட்டுட்டார்."